வயல் புகையும் ஆலைப் புகையும்: வட சென்னையின் மூச்சுக் கணக்கு



இந்த உரைக்கு எனக்கு முதலில் தரப்பட்ட தலைப்பு, பயிர்த்தாளை எரிப்பதால் வரும் காற்று மாசும் உடல்நலக் கேடும் என்பது. பேச வேண்டிய தலைப்புதான். ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகையில் டெல்லி மூச்சுத் திணறும்போது நாடே அதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் இராயபுரத்தில் நின்றுகொண்டு பஞ்சாபின் புகையை மட்டும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்குப் போக, அரசு மருத்துவமனைகளில் நெஞ்சு நோய்ப் பிரிவில் வேலை பார்த்த என் மனம் ஒப்பவில்லை. அமைப்பாளர்களிடம் அனுமதி கேட்டேன். பஞ்சாபில் தொடங்கி இங்கே வந்து சேர்கிறேன் என்றேன். வயல் புகையை எப்படிக் கணக்கெடுப்பது என்று இந்த நாடு கற்றுக்கொண்டுவிட்டது. அதே கணக்கை ஆலைப் புகைக்கும் எடுக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே விவசாயிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். நிலத்தடி நீரைக் காப்பதற்காக 2009-இல் பஞ்சாப் இயற்றிய சட்டம் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளியது. அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது. நடவு தள்ளிப்போனதும் அறுவடையும் தள்ளிப்போயிற்று. அறுவடை இயந்திரம் கதிரை எடுத்துக்கொண்டு தாளை வயலிலேயே நிற்கவிட்டுப் போகிறது. அதை வெட்டி அகற்றக் கூலி வேண்டும், டீசல் வேண்டும், நாளும் வேண்டும். மூன்றும் இல்லாதவர் தீ வைக்கிறார். அந்த மாதங்களில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் நிற்பதால், எழுந்த புகை கலைய வழியில்லாமல் சமவெளி முழுக்கத் தங்கிவிடுகிறது.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, பென்சீன் இருக்கிறது, பாதி எரிந்த கரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நுண்துகள் இருக்கிறது. 2.5 மைக்ரானுக்கும் குறைவான விட்டம் கொண்டது, அதாவது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. பெரிய தூசியை மூக்கும் தொண்டையின் சளிப்படலமும் பிடித்து நிறுத்திவிடும். இந்தத் துகள் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை இறங்கி அங்கே அழற்சியை உண்டாக்கும். அவற்றிலும் மிக நுண்ணியவை இரத்தத்தில் கலக்கும். அதனால்தான் மாசுக் காற்றால் உயிரிழப்பவர்களில் ஏராளமானோர் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கிறார்கள். இறப்புச் சான்றிதழில் புகை என்று எந்த மருத்துவரும் எழுதுவதில்லை. ஆகவே இந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படிக் கூட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. இரண்டரை லட்சம் பேரின் உடல்நலக் கணக்கெடுப்பை ஒரு பக்கம் வைத்தார்கள். எரியும் வயல்களைச் செயற்கைக்கோள் மேலிருந்து எண்ணித் தந்த பதிவை மறுபக்கம் வைத்தார்கள். தாள் எரிப்பு அதிகமாக இருந்த மாவட்டங்களில் வாழ்வோருக்குக் கடும் சுவாசத் தொற்று வரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று தெரிந்தது. புதிதாக ஒரு கருவி வாங்கவில்லை, ஒரு நோயாளியைக்கூடப் புதிதாகப் பரிசோதிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த இரண்டு பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த ஆய்வில் நமக்கும் ஓர் இடம் உண்டு. ஹரியானாவோடு ஒப்பிட, தாள் எரிப்பு இல்லாத மாநிலங்கள் வேண்டும் அல்லவா? அதற்கு எடுத்துக்கொண்டவை ஆந்திராவும் தமிழ்நாடும். அது நியாயமான தேர்வுதான். நம் டெல்டாவில் வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. கேரளத்துக்கு லாரி லாரியாக விலைக்குப் போகிறது. அறுவடை இயந்திரம் வந்த பிறகும் அதன் பின்னாலேயே வைக்கோல் சுருட்டும் இயந்திரம் வந்துவிட்டது. கரும்புச் சோகையைத் தோட்டத்திலேயே கொளுத்தும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதைக் கைவிடத்தான் வேண்டும். ஆனால் பஞ்சாபின் அளவுக்கு நம் வயல்கள் எரிவதில்லை. எனவே வயல் புகைக் கணக்கில் தமிழ்நாடு முழுவதும் நல்ல காற்றுக்கான அளவுகோலாக நிற்கிறது. என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. அந்த அளவுகோலுக்குள்ளேயே எண்ணூர் இருக்கிறது, மணலி இருக்கிறது, இந்த இராயபுரமும் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைத் துரைமார்கள் உடம்பு தேற எண்ணூருக்குப் போவார்கள். கழிமுகம், உப்பளம், கடற்காற்று என்று அது ஒரு நல்ல காற்றுத் தலமாக இருந்தது. 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் வந்தன. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அது 2017 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. அதற்குள் வட சென்னை அனல் மின் நிலையமும், வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் வந்துவிட்டன. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, பிறகு அதற்குக் காமராசர் பெயர் வைக்கப்பட்டது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 43 தொழிற்பகுதிகளைக் கடுமையாக மாசடைந்தவை என்று அறிவித்தது. மணலி அதில் ஒன்று. இந்த வரலாற்றை உங்களில் மூத்தவர்கள் கூடவே இருந்து பார்த்தவர்கள். நான் நீட்ட வேண்டியதில்லை.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடலோரம் என்பதால் எல்லாவற்றையும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று பொறியாளர்களும் அதிகாரிகளும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கே கொண்டுபோகும் என்று கேட்பதில்லை. கோடையில் மேல்காற்று வீசும்போது மணலியின் வாடை திருவொற்றியூருக்கு வருகிறது. ஐப்பசிக்குப் பிறகு காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும் எண்ணூரின் புகை தெற்கே இறங்குகிறது, தண்டையார்பேட்டை வரை வருகிறது. இரவில் தரைக்காற்று மெல்லக் கடலை நோக்கி நகரும்போது மணலி வாடை மறுபடி குப்பங்களின் மேல் வந்து நிற்கிறது. படகில் போகிறவர்களுக்கு இது பாடமே இல்லை, தினசரி அறிவு.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. பெரிய மின் அலகுகளுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. உயரத்தில் விட்டால் தரைக்கு வருமுன் கலைந்துவிடும் என்பது அதன் நியாயம். உள்நாட்டில் அது பெரும்பாலும் சரி. கடலோரத்தில் அப்படி இல்லை. காலை வெயில் ஏறியதும் கடற்காற்று குளிர்ச்சியாகக் கரைக்குள் வருகிறது. அந்தக் குளிர்ந்த காற்றின் மேலடுக்கில் புகை கலையாமல் ஒரே பட்டையாக மிதந்து செல்கிறது. கீழே சுட்ட தரை காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. கரையிலிருந்து உள்ளே போகப் போக அந்தக் கலக்கும் அடுக்கின் உயரம் கூடுகிறது. சில கிலோமீட்டர் உள்ளே அது புகைப் பட்டையைத் தொடுகிறது. தொட்டவுடன் புகை மொத்தமாகத் தரைக்கு இழுக்கப்படுகிறது. புகைபோக்கியின் அடியில் குடியிருப்பவருக்கு ஒன்றும் தெரியாத அதே நண்பகலில், மீஞ்சூர், மணலி புதுநகர் அளவு தொலைவில் இருப்பவர் இருமலாம். கடற்காற்று காப்பாற்றும் என்பவர்கள் இந்த இயற்பியலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது நேரம். இந்தப் பகுதி வெளிநோயாளிப் பிரிவுகளில் ஒரு வாக்கியத்தை அடிக்கடி கேட்கலாம்: "நேத்து ராத்திரி கேஸ் விட்டுட்டான் சார், அதுலேர்ந்து மூச்சு வாங்குது." இதை அப்படியே நோய் வரலாற்றில் எழுதிக்கொள்ளும் மருத்துவர் குறைவு. கந்தக டை ஆக்சைடு ஓர் ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயைச் சுருக்கப் பத்து நிமிடம் போதும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பத்து நிமிடத்துக்கென்று தனி வரம்பு வைத்திருக்கிறது, ஒரு கன மீட்டருக்கு 500 மைக்ரோகிராம். நம் தேசியத் தர அளவில் கந்தக டை ஆக்சைடுக்கு இருப்பவை 24 மணி நேரச் சராசரியும் ஆண்டுச் சராசரியும் மட்டுமே. நள்ளிரவில் அரை மணி நேரம் வந்து போன வாயுவை மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்தோடு கலந்து வகுத்தால் எண் நல்லதாகவே வரும். கத்திவாக்கம், மணலி, திருவொற்றியூர் ஆகிய இடங்களில் தேசியத் திட்டத்தின் கீழ் நடக்கும் கைமுறை அளவீட்டுக்கு விதிக்கப்பட்டது வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள். மணலியிலும் கொடுங்கையூரிலும் இராயபுரத்திலும் இப்போது தொடர்ந்து அளக்கும் தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. நல்ல முன்னேற்றம். அவற்றின் மணிவாரி அளவை நோயாளி சொல்லும் நேரத்தோடு பொருத்திப் பார்ப்பது மருத்துவர்களின் வேலை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு யாருக்கும் மறந்திருக்காது. கப்பலிலிருந்து கொரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. எண்ணூரின் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, கிடைத்த வண்டியிலும் கால்நடையாகவும் வெளியேறினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாயிலருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. அம்மோனியா ஈரத்தில் உடனே கரையும் வாயு. கண்ணையும் தொண்டையையும் முதலில் தாக்கும். பெரும்பாலோர் சில நாளில் தேறிவிடுவார்கள். ஆனால் அடர்த்தியாகச் சுவாசித்தவர்களில் சிலருக்கு மூச்சுக்குழாய் அதன் பிறகு எதற்கெடுத்தாலும் சுருங்கும் நிலைக்குப் போய்விடும். தாளிப்பு நெடி, ஊதுவத்திப் புகை, பனிக்காற்று எது பட்டாலும் இழுப்பு வரும். அன்று வாயுவைச் சுவாசித்தவர்களுக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து மூச்சுத் திறன் பரிசோதனை செய்வது மருத்துவத்தின் கடமை. வீட்டுக்கு அனுப்பியதோடு அந்தக் கடமை முடிவதில்லை.

போகியைப் பற்றி ஒரு சொல். தை பிறப்பதற்கு முந்தைய விடியலில் சென்னை முழுவதையும் புகை சூழ்கிறது. 2018 போகியன்று ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அன்று மாநகரம் மொத்தமும் காற்றைப் பற்றிப் பேசுகிறது, வாரியம் மண்டலம் மண்டலமாக அளந்து மறுநாள் வெளியிடுகிறது. அந்த அக்கறை மீதி 364 நாளும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சுற்றி வாழ்பவர்களுக்கும் உரியது.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். இந்த இராயபுரத்திலேயே பெரும் மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் திறந்த வெளியில் கொட்டி ஏற்றப்பட்ட காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மொட்டை மாடியில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கும். குழந்தையின் மூக்கைத் துடைத்தால் துணியில் கரி. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் தூசிச் சரக்குகளைக் கையாளக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் நிலக்கரி நின்றது. மக்கள் தொடர்ந்து போராடியதால் கிடைத்த வெற்றி அது. நிலக்கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. இங்கே கிடைத்த நிம்மதிக்கு அத்திப்பட்டுப் பக்கத்து மக்கள் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு மருத்துவனுக்கு, நிலக்கரி நின்ற அந்தத் தேதி ஒரு பொக்கிஷம். ஏன் என்று சொல்ல அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அங்கே ஓர் உருக்காலை இருந்தது. தொழில் தகராறில் 1986 ஆகஸ்டில் மூடப்பட்டு, பதின்மூன்று மாதம் கழித்து மறுபடி திறந்தது. ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர், மருத்துவர்கூட இல்லை, அந்தப் பகுதி மருத்துவமனைகளின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழாய் அழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் சேர்க்கப்பட்ட குழந்தைகள், ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. 1989-இல் அதை வெளியிட்டார். அந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் மார்மன் சமயத்தவர், புகை பிடிப்பவர்கள் மிகக் குறைவு. சிகரெட்டின் மேல் பழி போட முடியவில்லை. நுண்துகளைப் பற்றிய இன்றைய அறிவியலில் பெரும்பகுதி, அந்த ஒரு பதிவேட்டைப் புரட்டியதில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பெய்ஜிங் இன்னொரு பாடம். 2008 ஒலிம்பிக்குக்காக அங்கே ஆலைகளை நிறுத்தினார்கள், வண்டிகளைக் குறைத்தார்கள். சில வாரம் காற்று தெளிந்தது. அந்த வாரங்கள் யாருடைய எட்டாம் மாதக் கர்ப்பத்தோடு பொருந்தியதோ, அவர்கள் பெற்ற குழந்தைகளின் எடையை 2007-இலும் 2009-இலும் அதே நாட்களில் எட்டாம் மாதத்தில் இருந்தவர்களின் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி 23 கிராம் கூடியிருந்தது. சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஒரு நகரத்தின் அத்தனை குழந்தைகளும் 23 கிராம் கூடிப் பிறக்கின்றன என்றால், எடை குறைவு என்ற எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் எத்தனை குழந்தைகள் வந்து சேர்கின்றன என்று மகப்பேறு மருத்துவர்களைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு நிகரான வேலை நடந்திருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைவதாகக் கண்டார்கள். அதற்கு முன்பே அவர்கள் சென்னையின் 2002 முதல் 2004 வரையான இறப்புப் பதிவுகளைத் தினசரிக் காற்று அளவோடு பொருத்திப் பார்த்து, மாசு கூடிய நாட்களில் சாவும் கூடுவதைக் காட்டியிருந்தார்கள். 2024-இல் பத்து இந்திய நகரங்களைப் பற்றி வந்த பேராய்வு, சென்னையின் சாவுகளில் ஏறத்தாழ 5 சதவீதம், ஆண்டுக்குச் சுமார் 2,900, நுண்துகளோடு தொடர்புடையவை என்று மதிப்பிட்டது. டெல்லியில் அது 11 சதவீதத்துக்கும் மேல். இந்த ஒப்பீட்டைக் கேட்டு நாம் ஆறுதலடையக் கூடாது. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: காற்று ஓரளவு நன்றாக இருக்கும் நகரங்களில், கூடுதலாக வரும் ஒவ்வொரு மைக்ரோகிராமும் அதிக உயிர்களை எடுக்கிறது. நுண்துகளுக்கு நம் தேசிய ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்தது 5. இவ்விரண்டுக்கும் நடுவில் கிடப்பவை பாதுகாப்பான காற்று என்று நான் எந்த நோயாளியிடமும் சொல்ல மாட்டேன்.

இந்த இறப்புக் கணக்குகள் நகரம் முழுவதற்குமான சராசரிகள். சராசரியில் தென் சென்னையின் அடையாறும் உண்டு, வட சென்னையின் எர்ணாவூரும் உண்டு.

அடுத்து, யாரைத் தண்டிக்கிறோம் என்பது. 2024 நவம்பரில் மத்திய அரசு தாள் எரிக்கும் விவசாயிகளுக்கான அபராதத்தை இரட்டிப்பாக்கியது. இரண்டு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு 5,000 ரூபாய், ஐந்து ஏக்கருக்கு மேல் 30,000. அந்தப் பருவத்திலேயே நடைமுறைக்கு வந்தது. அனல் மின் நிலையங்களின் கந்தகத்துக்கும் துகளுக்கும் புதிய வரம்பு அறிவிக்கப்பட்டது 2015 டிசம்பரில். இரண்டு ஆண்டு அவகாசம் தந்தார்கள். அது 2022 என்று ஆயிற்று, பிறகு 2024, 2026, 2027 என்று நீண்டது. 2025 ஜூலையில், நாட்டின் நிலக்கரி அலகுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை கந்தகம் நீக்கும் கருவி பொருத்தத் தேவையில்லை என்று விலக்கே அளித்துவிட்டார்கள். விவசாயிக்கு ஒரு பருவம்கூட அவகாசம் இல்லை, மின் நிலையத்துக்குப் பத்து ஆண்டு. இதை எந்த அறத்தாலும் நான் நியாயப்படுத்த முடியவில்லை. கந்தக டை ஆக்சைடு வானத்தில் சல்பேட் நுண்துகளாக மாறும் என்பது பாடப்புத்தக வேதியியல். நுரையீரலுக்குள் போன பிறகு, அது வைக்கோலிலிருந்து வந்ததா நிலக்கரியிலிருந்து வந்ததா என்பதால் நோயாளிக்கு நிம்மதி எதுவும் வந்துவிடாது.

மறுப்பாகச் சொல்லப்படுபவை எனக்குத் தெரியும். இங்கே ஆண்கள் பீடி குடிக்கிறார்கள், மது அருந்துகிறார்கள், வீடுகள் நெருக்கம், வறுமை, பிறகு ஆலையைக் குற்றம் சொல்கிறீர்கள் என்பார்கள். வறுமை நுரையீரலைப் பலவீனமாக்கும், உண்மை. பலவீனமான நுரையீரல் இருக்கும் இடத்தில் மாசைக் குறைக்க வேண்டிய கட்டாயம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. எண்ணூர்ப் பெண்கள் பீடி குடிப்பதில்லை, ஐந்து வயதுக் குழந்தை குடிப்பதில்லை. அவர்களிடமிருந்து கணக்கைத் தொடங்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் இஞ்சின் ஓட வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பவர்கள் சரியாகச் சொல்கிறார்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது. அந்த வரிசையில் வண்டிக்குள்ளேயே படுத்து உறங்கும் ஓட்டுநரும் நம் நோயாளிதான்.

வேலையைப் பற்றிய அச்சம் வேறு. இந்த அரங்கில் இருப்பவர்களின் வீடுகளிலேயே ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகிறவர்கள் இருப்பார்கள். சாம்பல் குழாய்ப் பக்கமும் நிலக்கரிப் பட்டைகளின் அடியிலும் நிற்பவர்கள் அவர்கள்தான். ஆலைக்குள் எட்டு மணி நேரம், ஊருக்குள் பதினாறு மணி நேரம், இரண்டிலும் அதே காற்று. அவர்களுடைய மூச்சை அளப்பது அவர்களுடைய வேலைக்கு எதிரானது ஆகாது.

என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நான் கேட்பது பெரிய கட்டிடம் அல்ல. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற அரசுப் பதிவு எண் இருக்கிறது. அதில் முகவரி இருக்கிறது, பிரசவ நாள் இருக்கிறது, குழந்தையின் எடை இருக்கிறது. இங்கே இராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. வட சென்னையின் பாதி இந்தக் கட்டிடத்தில் பிறந்தது என்று இந்தப் பகுதிக்காரர்கள் சொல்வார்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவின் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் பையில் மூச்சு வேகம் அளக்கும் சிறு குழாய்க் கருவி ஒன்றையும் சேர்த்துவிடலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஊதிக் காட்டச் சொன்னால் போதும். மாநகராட்சிப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்தால், பத்தாம் வகுப்பு வரும்போது நம் கையில் ஐந்தாண்டு வளர்ச்சி வரைபடம் இருக்கும். தெற்குக் கலிஃபோர்னியாவில் இப்படித்தான் தொடர்ந்து அளந்து, மாசு மிகுந்த ஊர்ப் பிள்ளைகளின் நுரையீரல் முழு வளர்ச்சி அடையவில்லை என்று 2004-இல் காட்டினார்கள். காற்று சுத்தமாகச் சுத்தமாக அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்ததையும் 2015-இல் அவர்களே காட்டினார்கள். அந்த இரண்டாவது செய்தியைப் பெற்றோர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். காற்று மாறினால் அடுத்து வளரும் பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளரும்.

ஆகவே முதல் வேலையாக மூன்று தேதிகளை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்தில் நிலக்கரி நின்ற 2011 அக்டோபர், எண்ணூர் அனல் மின் நிலையம் நின்ற 2017 மார்ச், அம்மோனியா கசிந்த 2023 டிசம்பர். ஒவ்வொரு தேதிக்கும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டு. அந்த ஆண்டுகளில் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் முகவரிகளில் பிறந்த குழந்தைகளின் எடை, மூச்சு நோய்க்குச் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை. ஒப்பீட்டுக்குத் தென் சென்னையின் ஒரு பகுதி. பெயர்களை நீக்கிவிட்டு எண்களை மட்டும் தர, மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்களிடம் அனுமதி வாங்க வேண்டும், அது முறைப்படி வாங்கக் கூடியதே. சமூக மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் மாணவர்கள் நால்வருக்கு இது ஆய்வேட்டுத் தலைப்பு.

இதற்கான கோரிக்கை வரைவை எழுதி, இந்த உரையோடு அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு, ஒன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. அரங்கின் பின்பக்க மேசையில் இருக்கிறது. வாசித்துப் பாருங்கள். குப்பங்களிலிருந்து வந்தவர்கள் நான் விட்டுவிட்ட, வாயு வந்த இரவுகளின் தேதிகளை ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன வாடை, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எழுதினால் போதும். மருத்துவ மாணவர்கள் யாராவது இதை எடுத்துச் செய்ய முன்வந்தால், கேள்வி நேரம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.